ஈறில் ரத்தம் வருகிறது என்று அம்மா பல் தேய்ப்பதையே குறைத்துவிட்டார். வாய்க்கென்று தனி எதிர்ப்பு சக்தி இருக்கிறதா?

#1 குறுக்குத்துறை

அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஆறேழு மாதமாகப் பல் தேய்த்துத் துப்பினால் நுரை இளஞ்சிவப்பாக வருகிறது. அதைப் பார்த்துப் பயந்து பிரஷை ஓரம் வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலில் பல்பொடியைத் தொட்டு லேசாகத் தடவிக்கொள்கிறார். கீழ்வரிசை முன்பல் பக்கம் விரல்கூடப் போவதில்லை. "புண்ணு இருக்கிற இடத்தை எதுக்குப் போட்டு நோண்டணும்?" என்கிறார்.

இதற்கிடையில் சர்க்கரையும் ஏறிவிட்டது. மூன்று மாதச் சராசரி 7.4 இருந்தது, இப்போது 8.6. சாப்பாட்டிலும் மாத்திரையிலும் எந்த மாற்றமும் இல்லை. சர்க்கரை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, முதலில் பல் டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்றார். போனோம். அங்கே "ஈறில் எதிர்ப்பு சக்தி சரியில்லை, கிளீனிங் பண்ணணும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அம்மா அதைக் கேட்டுவிட்டு வந்து நெல்லிக்காய் லேகியம் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார். அதில் எவ்வளவு வெல்லம் இருக்கும் என்று நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

வாயின் எதிர்ப்பு சக்தி என்றால் என்ன? அதற்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள். எனக்குப் புரிந்தால்தான் அம்மாவுக்குச் சொல்ல முடியும். இன்னொன்று, இரவில் வாய் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்கிறார். படுக்கை பக்கத்திலேயே சொம்பில் தண்ணீர் வைத்திருக்கிறார்.

#2 வாசல்கோலம்

லேகியத்தை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள் தம்பி. எங்கள் அத்தையும் இப்படித்தான் ரத்தத்துக்குப் பயந்து தேய்க்காமல் விட்டார். ஒன்றரை வருடத்தில் நான்கு பல் ஆட்டம் கண்டுவிட்டது. டாக்டர்கள் யாராவது வந்து விளக்குவார்கள், இருங்கள்.

#3 கடைவாய்ப்பல்

மதுரைப் பக்கம் இருபது வருடமாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். உங்கள் அம்மா கேட்டதை வாரத்துக்குப் பத்துப் பேராவது என்னிடம் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஈறில் ரத்தம் வருவதைப் பிரஷ் குத்திய காயம் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. நம் உடம்பு முழுக்கத் தோலும் சவ்வும் விடுபடாமல் போர்த்தியிருக்கிறது. அந்த உறையைத் துளைத்துக்கொண்டு ஒரு கெட்டிப் பொருள் வெளியே நிற்பது பல்லில் மட்டும்தான். நகமும் முடியும்கூடத் தோலிலிருந்தே முளைப்பவை, உறையைத் துளைப்பதில்லை. பல் வெளியே வரும் அந்த விளிம்பில் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஓர் இடுக்கு இருக்கும். நல்ல ஈறில் அதன் ஆழம் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர். அந்த இடுக்கின் அடியில் உள்ள சவ்வு மிக மெல்லியது, செல்களும் கொஞ்சம் தளர்வாகத்தான் ஒட்டியிருக்கும். கிருமி உள்ளே நுழைய வசதியான இடம் அதுதான்.

அதனால் உடம்பு அங்கே எப்போதும் காவல் போட்டு வைத்திருக்கிறது. ரத்தத்திலிருந்து நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் ஈறு இடுக்கின் வழியாக வாய்க்குள் வந்துகொண்டே இருக்கும். நிமிடத்துக்குச் சுமார் 30,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நோய் இல்லாத வாயிலேயே இப்படி. பல்லில் அழுக்குப் படலம் சேரச் சேர இன்னும் அதிக அணுக்களை அனுப்பவேண்டி வரும். அதற்காக அங்குள்ள ரத்தக்குழாய்கள் விரியும், ஈறு சிவந்து வீங்கும், இடுக்கின் சவ்வு இன்னும் மெலியும். அப்போது பிரஷ் பட்டாலே ரத்தம் கசியும். உங்கள் அம்மா பார்ப்பது அதைத்தான். தேய்ப்பதை நிறுத்தினால் எந்த அழுக்கை எதிர்த்து உடம்பு மல்லுக்கட்டுகிறதோ அந்த அழுக்கு இன்னும் தடிக்கும்.

இது அனுமானம் இல்லை. 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய குழுவினரும், ஈறு நன்றாக இருந்த பன்னிரண்டு பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். பத்திலிருந்து இருபத்தொரு நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் தேய்க்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போல ஆனதில் சரியாகிவிட்டது. ஆரம்ப நிலையில் பிடித்தால் தேய்ப்பதே மருந்து என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

சர்க்கரை விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இந்த நியூட்ரோபில்கள் சரியாக வேலை செய்யாது. கிருமியை விழுங்கி அழிப்பதில் சுணக்கம், ஆனால் அழற்சியைக் கிளப்புவதில் மட்டும் குறைவில்லை. அதனால் கிருமி போகாமல் ஈறும் எலும்பும் கரைகின்றன. திரும்பவும், ஈறில் நாள்பட்டு இருக்கும் அழற்சி ரத்தத்தில் கலந்து இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஈறு சிகிச்சை முடிந்த மூன்று நான்கு மாதத்தில் அந்த மூன்று மாதச் சராசரி 0.4 அளவுக்கு இறங்குகிறது. மாத்திரைக்கு இது மாற்று ஆகாது. ஆனாலும் உங்கள் சர்க்கரை டாக்டர் சொன்னது மிகச் சரியான யோசனை.

#4 நாட்டுவழி

டாக்டர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் நம் முன்னோர்கள் ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் பாட்டி வேப்பங்குச்சியைத் தவிர வேறு எதையும் வாயில் வைத்ததில்லை, எண்பது வயதிலும் முறுக்குக் கடித்தார். கிளீனிங் செய்த என் மாமாவுக்குத்தான் பல்லுக்கு நடுவே சந்து விழுந்து, தண்ணீர் பட்டாலே கூச்சம். சுத்தம் செய்வதால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்று ஊரில் எல்லோரும் சொல்வது பொய்யா?

#5 கடைவாய்ப்பல்

பொய் என்று தள்ள மாட்டேன் ஐயா. அவர்கள் கண்ணால் பார்த்ததுதான், காரணம் மட்டும் வேறு. பல்லில் படிந்த அழுக்கு இறுகிக் காரையாகப் பல வருடம் கட்டிக்கட்டிப் பல் இடுக்கை அடைத்துக்கொண்டு சிமென்ட் மாதிரி நிற்கும். அதற்கு அடியில் எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும். காரையை எடுத்து ஈறு வீக்கமும் வற்றியதும், ஒளிந்திருந்த சந்தும் வேரும் வெளியே தெரிகின்றன. அதனால்தான் சில வாரம் கூசுகிறது. எடுக்காமல் விட்டால் பல் அப்படியே மொத்தமாகக் கையோடு வந்துவிடும்.

குச்சியால் தேய்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். பழமொழியின் வேல் வேப்பமரம் இல்லை, வேலமரம். அழுக்கை அகற்றுவதுதான் முக்கியம், அது நாராக நைந்த குச்சியாக இருந்தாலும் சரி. ஆனால் கல்லாக இறுகிய காரை குச்சிக்கும் போகாது, பிரஷுக்கும் போகாது.

#6 நுண்ணோக்கி

நோய் எதிர்ப்பியலில் ஆய்வு மாணவி நான். டாக்டர் ஈறைச் சொன்னார், நான் எச்சிலைப் பற்றிச் சொல்கிறேன். குறுக்குத்துறை அண்ணா கடைசியில் சொன்ன வாய் வறட்சியை யாரும் தொடவில்லை. எனக்கு அதுதான் கவலையாகப் பட்டது.

நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. காதுக்கு முன்னால், தாடைக்குக் கீழ், நாக்குக்கு அடியில் என்று மூன்று ஜோடி பெரிய சுரப்பிகள். உதட்டிலும் கன்னத்திலும் அண்ணத்திலும் நூற்றுக்கணக்கில் சின்னச் சுரப்பிகள். இது வெறும் தண்ணீர் இல்லை. இதில் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் இருக்கிறது. இது கிருமிகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துக் கட்டியாக்கிவிடும். பல்லிலும் கன்னத்துச் சவ்விலும் பற்ற முடியாமல் அவை எச்சிலோடு வயிற்றுக்குள் போகும், அங்கே அமிலம் பார்த்துக்கொள்ளும். சண்டையும் இல்லை, வீக்கமும் இல்லை. நம் உடம்பு தினமும் தயாரிக்கும் எதிர்ப்பொருள்களில் மற்ற எல்லா வகையையும் கூட்டினாலும் ஐஜிஏவின் அளவுக்கு வராது. அதில் பெரும்பங்கு வாய், குடல், மூச்சுப்பாதை போன்ற ஈரமான பரப்புகளுக்குத்தான் போகிறது.

அதோடு லைசோசைம். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்கு ஆறு வருடம் முன்பே, 1922இல் இதைப் பற்றி எழுதினார். சளி பிடித்திருந்தபோது தன் மூக்குச் சளியையே கிருமி வளர்த்த தட்டில் வைத்துப் பார்த்தவர் அவர். சளியைச் சுற்றிக் கிருமிகள் கரைந்திருந்தன. கண்ணீரிலும் எச்சிலிலும் முட்டை வெள்ளைக்கருவிலும் அதே பொருள் இருந்தது. கிருமியின் சுவரை வெட்டும் நொதி அது. அப்புறம் லாக்டோஃபெரின். கிருமிக்கு வேண்டிய இரும்பை இது பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் கிருமி பட்டினி கிடக்கும். ஹிஸ்டாட்டின் என்ற சின்னப் புரதம் கேண்டிடா பூஞ்சையைக் கொல்லும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்த பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்வது இந்தப் பூஞ்சைக்காகத்தான். மருந்து வாயில் தங்கினால் அந்த இடத்துக் காவல் தளரும், நாக்கில் வெள்ளையாகப் படரும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வாயில் நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் வாழ்கின்றன. அத்தனையையும் அழிப்பது எதிர்ப்பு மண்டலத்தின் நோக்கம் இல்லை. நாம் தினமும் புதுச் சாப்பாடு, தூசி, சூடு, காரம் எல்லாம் வாய்க்குள் போடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் கிளர்ந்தெழுந்தால் வாய் வெந்து போயிருக்கும். எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், எதைத் தடுக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து நடப்பதுதான் அதன் வேலை. அந்தக் கிருமிகளில் நமக்கு உதவுபவையும் உண்டு. கீரையிலும் பீட்ரூட்டிலும் இருக்கும் நைட்ரேட்டை நாக்கின் பின்பக்கக் கிருமிகள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. உடம்பு அதிலிருந்து ரத்தக்குழாயைத் தளர்த்தும் பொருளைத் தயாரித்துக்கொள்கிறது. கடுமையான குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷைத் தொடர்ந்து போட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியதைச் சில ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். டாக்டர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாளோடு அதை நிறுத்திவிடுங்கள்.

தூங்கும்போது எச்சில் ஏறக்குறைய நின்றுவிடும். மேலே சொன்ன காவல் எல்லாம் இரவில் இறங்குகிறது. இரவு தேய்க்காமல் படுப்பது காலையில் தேய்க்காமல் இருப்பதைவிட மோசம் என்பது அதனால்தான். அம்மாவுக்கு ஏற்கெனவே வாய் காய்கிறது என்றால் சர்க்கரையைத் தவிர வேறு காரணம் உண்டா என்று பாருங்கள். என்னென்ன மாத்திரை போடுகிறார்?

#7 லயத்துப்பிள்ளை

நான் இலங்கை மலையகத்திலிருந்து எழுதுகிறேன். டாக்டர் ஹரால்ட் லோ பெயரைச் சொன்னதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அதே மனிதர் 1970இலிருந்து 1985 வரை எங்கள் ஆட்களின் வாயைப் பார்த்தார். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த 480 தமிழ் ஆண்கள். பிரஷ் தெரியாது, பல் டாக்டரைக் கண்டதில்லை. ஈறு நோயை யாரும் தொடாமல் விட்டால் அது எப்படிப் போகும் என்று பார்க்க அப்படிப்பட்ட ஆட்கள்தான் வேண்டியிருந்தது. சொத்தைப் பல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். விழுந்த பல் எல்லாம் ஈறு நோயால்தான் விழுந்தது.

எல்லார் வாயிலும் அழுக்கு, எல்லார் ஈறிலும் வீக்கம். ஆனால் முடிவு ஒரே மாதிரி இல்லை. 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் போனது. 81 சதவீதம் பேருக்கு நடுத்தரம். 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவும் நடக்கவே இல்லை. முப்பத்தைந்து வயதில் முதல் கூட்டத்துக்குப் பல்லைப் பிடித்திருக்கும் பிணைப்பு சராசரியாக 9 மில்லிமீட்டர் போயிருந்தது. கடைசிக் கூட்டத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

என் தாத்தாவும் அந்தக் காலத்தில் கொழுந்துக் கணக்கில் நின்றவர்தான், வேறு தோட்டம். கரித்தூளும் விரலும்தான் அவருக்கு. எழுபது வயதில் கரும்பு கடித்தார். அவருடைய சொந்தத் தம்பிக்கு நாற்பதிலேயே வாய் பொக்கை. ஒரே லயம் (தோட்டத்து வரிசை வீடு), ஒரே சாப்பாடு. நாட்டுவழி அண்ணன் தன் பாட்டியைச் சொன்னபோது எனக்கு என் தாத்தா ஞாபகம்தான் வந்தது. அவர்கள் அந்த பதினொன்றில் இருந்தவர்களாக இருக்கலாம். அவர்களைப் பார்த்து மற்ற எண்பத்தொன்பது பேரும் சும்மா இருந்துவிட முடியாது.

உலகம் முழுக்கப் பல் மருத்துவம் படிக்கிறவர்கள் இந்த எண்களைப் படிக்கிறார்கள். அவை எங்கள் ஆட்களின் வாயிலிருந்து வந்தவை. பல் டாக்டர் கிடைக்காத ஏழ்மைதான் அந்த ஆய்வுக்கு வசதியாக இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

#8 கடைவாய்ப்பல்

தம்பி, கல்லூரியில் அந்த ஆய்வைப் படித்துத்தான் நான் பரீட்சை எழுதினேன். 8, 81, 11 என்று மனப்பாடம் செய்தேன். அவர்கள் தமிழர்கள் என்று எங்களுக்கு யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை. இனி என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

#9 நுண்ணோக்கி

லயத்துப்பிள்ளை அண்ணா எழுதியதை இரண்டு முறை படித்தேன். அழுக்கு ஒரே மாதிரி இருந்தும் நோய் வேறு வேறாகப் போனதற்குப் பெரிய காரணம் அவரவர் எதிர்ப்பு மண்டலம். அது மந்தமானாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து. நியூட்ரோபில்கள் ரத்தக்குழாயை விட்டு வெளியேற முடியாத ஒரு பிறவிக்குறை இருக்கிறது, மிக அரிது. அந்தக் குழந்தைகளுக்குப் பால்பல் வயதிலேயே ஈறும் எலும்பும் மோசமாக அழியும். காவலுக்கு ஆள் வராததால் கிருமி தின்றுவிடுகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். வந்து அடக்க ஆளில்லாததால் வேறு அணுக்கள் கிளப்பும் அழற்சி கட்டுக்கடங்காமல் போய் எலும்பைக் கரைக்கிறது என்று பின்னால் தெரிந்தது. "எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்" என்று விற்கும் லேகியமும் டானிக்கும் இதற்கு உதவாது என்று நான் சொல்வது இதனால்தான். வாய்க்கு வேண்டியது அளவான எதிர்ப்பு.

#10 சித்திரைநிலவு

சின்ன வயதில் முட்டியில் அடிபட்டால் எங்கள் ஆச்சி எச்சிலைத் தொட்டு வைப்பார். அது சரிதானா?

#11 நுண்ணோக்கி

ஆச்சி கவனித்தது உண்மைதான் அக்கா. கன்னத்தைக் கடித்துக்கொண்டால் எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறது பாருங்கள், தழும்பும் இருக்காது. எச்சிலின் ஹிஸ்டாட்டினுக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் எச்சிலோடு வாயின் கிருமிகளும் சேர்ந்து போகும். வாய்க்குள் அடக்கமாக இருப்பவை தோலுக்கு அடியில் போனால் சீழ் பிடிக்கும். மனிதர் கடித்த காயம் அதனால்தான் மோசமாகிறது. சோப்பும் தண்ணீரும் போதும்.

#12 மணல்வீடு

இந்த இழையில் பதிவு செய்வதற்காகவே கணக்குத் தொடங்கினேன். எனக்கு 46 வயது. வாய் வறட்சியைச் சாதாரணமாக விடாதீர்கள்.

ஆறு வருடம் முன்பு பொரி மெல்ல முடியாமல் போனது. தண்ணீர் இல்லாமல் சாதம் இறங்காது. ரசம்கூட எரிந்தது. அப்புறம் பல்லின் கழுத்துப் பகுதியில், ஈறை ஒட்டி, வரிசையாகச் சொத்தை. ஒரே வருடத்தில் ஏழு பல். போன இடத்தில் "சரியாத் தேய்க்கறதில்லையா?" என்று கேட்டார்கள். நான் ஒரு நாளைக்கு மூன்று முறை தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியை இன்னும் மறக்க முடியவில்லை. கண்ணிலும் மண் விழுந்த மாதிரி உறுத்தல் இருந்தது, அது கம்ப்யூட்டரால் என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மூட்டு வலிக்குப் போன இடத்தில் ஒரு டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, கையுறை போட்ட விரலை உள்கன்னத்தில் வைத்தார். விரல் ஒட்டிக்கொண்டது. ரத்தப் பரிசோதனை, உதட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னச் சுரப்பியை எடுத்துப் பரிசோதனை. ஷோகிரன் நோய் என்றார்கள். 1933இல் அதை விவரித்த சுவீடன் கண் மருத்துவரின் பெயராம். நம் வெள்ளையணுக்களே எச்சில் சுரப்பியையும் கண்ணீர்ச் சுரப்பியையும் தாக்குகின்றன. பத்தில் ஒன்பது பேர் பெண்கள்.

எச்சில் இருக்கும்வரை அது என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது. போனபிறகு வாயில் புண், பூஞ்சை, சொத்தை எல்லாம் வரிசையாக வந்தபோதுதான் தெரிந்தது. இப்போது அதிக ஃபுளோரைடு உள்ள பற்பசை, சர்க்கரை இல்லாத சூயிங்கம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டர் என்று சமாளிக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு இதுவாகவே இருக்கும் என்று சொல்லவில்லை. கண் உறுத்தல் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

#13 கடைவாய்ப்பல்

சகோதரி, உங்களிடம் அப்படிக் கேட்டது எங்கள் தொழிலின் தவறு. மன்னியுங்கள்.

குறுக்குத்துறைக்கு ஒன்று. கிளீனிங் போகும் முன் டாக்டரிடம் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். செயற்கை இதய வால்வு இருந்தால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போட்டால், எலும்பு பலத்துக்கு ஊசி போட்டிருந்தால். ஈறைத் தொடும்போது கிருமி ரத்தத்துக்குள் போகும். ஆரோக்கியமானவர்களுக்குச் சில நிமிடத்தில் அடங்கிவிடும். செயற்கை வால்வில் போய் உட்கார்ந்தால் உயிருக்கே ஆபத்து, அதனால் அவர்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் தருவோம்.

#14 நாட்டுவழி

லயத்துப்பிள்ளை தம்பியின் பதிவு என்னை யோசிக்க வைத்தது. என் பாட்டிக்கு எட்டுப் பிள்ளைகள். அதில் மூன்று பேர் ஐம்பதுக்குள் பல்செட் போட்டார்கள், அதே குச்சிதான், அதே கிணற்றடிதான். இதை நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

டாக்டர், வெற்றிலை பாக்கு ஈறுக்கு நல்லது என்கிறார்களே? புகையிலை இல்லாமல்.

#15 கடைவாய்ப்பல்

வெற்றிலையைப் பற்றி எனக்குக் குறை இல்லை ஐயா. பாக்குதான் வில்லங்கம். புகையிலையே சேர்க்காவிட்டாலும் பாக்குச் சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்துவிட்டது. அதற்கு முன்பே கன்னத்துச் சவ்வு நாராக இறுகி வாய் திறக்காமல் போகும். இரண்டு விரல் நுழையாத வாயோடு இருபத்தைந்து வயதுப் பையன்கள் வருகிறார்கள். எல்லாம் பொட்டலப் பாக்கு. இதை எழுதும்போதே எனக்கு வேதனையாக இருக்கிறது.

#16 குறுக்குத்துறை

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

நுண்ணோக்கி தங்கை கேட்ட பிறகு அம்மாவின் மாத்திரை டப்பாவை எடுத்துப் பார்த்தேன். தோல் அரிப்புக்கு என்று எப்போதோ எழுதிக்கொடுத்த மாத்திரையை இரண்டு வருடமாகத் தினமும் இரவு போட்டுக்கொண்டிருக்கிறார். வாயைக் காயவைக்கும் வகையாம். சர்க்கரை டாக்டர் அதை நிறுத்திவிட்டார். இப்போது சொம்புத் தண்ணீர் காலையிலும் அப்படியே இருக்கிறது. கண் உறுத்தல் இல்லை, மணல்வீடு அக்கா. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஈறு சிகிச்சை இடப்பக்கம் முடிந்தது. முதல் வாரம் ரத்தம் வரத்தான் செய்தது, அம்மா பிரஷைக் கீழே வைக்கப் பார்த்தார். தேயிலைத் தோட்டத்துக் கதையை அவருக்குச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளைங்களுக்கு யாரும் ஒரு பிரஷ் வாங்கிக் குடுக்கலையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு அவரே எழுந்து போய்த் தேய்த்தார்.

இப்போது கீழ்வரிசைக் கடைசிப் பல்லில் மட்டும்தான் ரத்தம் தெரிகிறது. வலப்பக்கம் அடுத்த சனிக்கிழமை. சர்க்கரை பார்க்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, பார்த்ததும் இங்கேயே எழுதுகிறேன்.